தண்ணீர்மலை மேட்டில் வழுக்கிய கிளட்ச்

திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி.

கொலை நடந்தால் பிணத்தைச் சுற்றி நிற்பார்கள். ஜார்ஜ் டவுன், ஹாரிங்டன் மோட்டார் கம்பெனியின் பட்டறையில் அன்று நாலு பேர் ஒரு காரைச் சுற்றி நின்றார்கள். முகத்தில் மட்டும் இழவு வீட்டுக் களை குறையவில்லை.

கார் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பச்சைப் பெயின்டில் முகம் பார்க்கலாம். 1924-இல் பினாங்கில் இப்படி ஒரு வண்டி வைத்திருந்த தமிழர்கள் சொற்பம். சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர்மலைச் சாலை மேட்டில் ஏறும்போது அதன் இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. அப்புறம் பின்னோக்கி உருண்டது. அந்தக் காலத்துப் பிரேக் பின்னால் உருளும் வண்டியைச் சட்டென்று பிடிக்காது. பின்னால் கச்சான் கடலை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த கமால் என்பவரின் வலது கால் முறிந்தது. டிரைவர் அர்ஜுனனை அந்த இடத்திலேயே போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. புதன்கிழமை கோர்ட். அஜாக்கிரதை என்று ருசுவானால் ஜெயில் நிச்சயம். லைசென்ஸும் போகும், அதோடு பிழைப்பும் போகும்.

டிடெக்டிவ் சார்ஜன்ட் பெஞ்சமின் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியாரையே இவர் சந்தேகப்படுவார் என்று அவர் மனைவி ஐரீன் சொல்வது வழக்கம். சந்தேகப்பட ஒன்றும் கிடைக்காத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு அந்தக் குறை இல்லை. கிளட்சைத் திறக்கும்போது போலீஸ் சாட்சியாக நிற்க வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பியதே கம்பெனிதான். தான் விற்ற சரக்கின் வயிற்றைக் கிழிக்க எந்த வியாபாரி போலீஸைக் கூப்பிடுவான்?

"திற, ஜெயராஜ்" என்றார் ஆர்தர். கம்பெனியின் விற்பனை மேனேஜர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சமின் போகும் அதே தேவாலயத்தில் பாட்டுக் குழுவின் முதல் குரல் அவருடையது.

பட்டறை மேஸ்திரி ஜெயராஜ் கால் வைக்கும் பலகையைத் தூக்கினான். கீழே, இன்ஜினின் பெரிய சக்கரத்துக்குள் கிண்ணம் மாதிரி ஒன்று பொருந்தியிருந்தது. அதன்மேல் தோல் போர்த்தியிருந்தது. அந்தத் தோல் சக்கரத்தைக் கவ்வினால்தான் கார் நகரும். வழுக்கினால் இன்ஜின் தொண்டை கிழியக் கத்தும், கார் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருக்கும்.

"பாருங்க சார்ஜன்ட்" என்றார் ஆர்தர். "நான் சொன்னேனா இல்லையா?"

தோல் முழுக்க எண்ணெய். அதன்மேல் திட்டுத் திட்டாக வெள்ளை வெளேரென்று பொடி. பெஞ்சமின் விரலால் தொட்டு முகர்ந்தார். காலையில் தலைக்குத் தேய்த்துக்கொண்ட தேங்காயெண்ணெயின் வாசம். பொடியில் விபூதி வாசம். எண்ணெயை வழித்துவிட்டுத் தோலைச் சுரண்டினார். அடியில் தோல் கருகி, விறைத்து, தீய்ந்த அப்பளம் போலிருந்தது.

ஜெயராஜ் டிரைவர் ஆசனத்தைத் தூக்கினான். அடியில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால், மிச்ச விபூதி.

"தோல் காஞ்சுபோச்சுன்னு தேங்காயெண்ணெய ஊத்தியிருக்கான். வழுக்கினதும் அதை உறிஞ்ச விபூதியப் போட்டிருக்கான். ஆறு மாசம் கேரண்டி கொடுத்தோம், உண்மைதான். இந்தக் கூத்துக்கெல்லாம் கேரண்டி இல்ல" என்றார் ஆர்தர்.

காரின் சொந்தக்காரர், பினாங்கு ஸ்ட்ரீட் ஜவுளிக்கடை முதலாளி நல்லமுத்துத் தவுக்கே, பல்லைக் கடித்தார். "அந்தப் பய உள்ளேயே கிடக்கட்டும். எனக்குப் புது கிளட்ச் வேணும்."

"உங்க டிரைவர் கெடுத்ததுக்குக் கம்பெனி என்ன பண்ணும் தவுக்கே?"

கம்பெனி ஜெயித்தாலும் தவுக்கே ஜெயித்தாலும் மாட்டிக்கொள்வது அர்ஜுனன்தான் என்பது மட்டும் பெஞ்சமினுக்கு அப்போதே உறைத்தது.

பதினோரு மணி. லாக்கப்.

அர்ஜுனனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ரெண்டு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"கிளட்சுல எண்ணெய் ஊத்துனியா?"

"இல்லைங்கய்யா. அந்தப் பலகையத் தூக்கினாலே கேரண்டி போயிரும்னு கம்பெனியில சொல்லியிருக்காங்க. நான் தொடுவேனா?"

"வண்டி எப்பலேர்ந்து வழுக்குது?"

"நான் வேலைக்குச் சேந்த மொத நாள்லேர்ந்து. டவுனுக்குள்ள சமாளிச்சிரும். மேடுன்னா அழுதுரும். தவுக்கேகிட்ட சொன்னேன், கம்பெனிக்கு மூணு வாட்டி காடியக் கொண்டுபோனேன். என் கால்தான் கிளட்ச் மேலயே குந்தியிருக்குன்னு அங்க சொன்னாங்க. தவுக்கேயும் அதையே நம்பிட்டாரு."

"நீ சேர்றதுக்கு முன்னால யாரு ஓட்டுனா?"

"யாரும் இல்லைங்க. கோயில்ல பூசை போட்ட மறுநாள் நான் சேந்தேன்."

வாசலில் அவன் மனைவி நல்லம்மாள் தூக்குச்சட்டியோடு காத்திருந்தாள். எண்ணெய், விபூதி, பொட்டலம் என்று பெஞ்சமின் அவளிடம் எல்லாவற்றையும் விசாரணைக் குரலில் அடுக்கினார். அவள் அழுதுகொண்டே கேட்டாள். பொட்டலம் கிடந்த இடத்தைச் சொன்னதும் அழுகை நின்றுவிட்டது.

"எங்கே கிடந்துச்சுன்னு சொன்னீங்க?"

"டிரைவர் சீட்டுக்கு அடியில."

"குந்துற இடத்துக்குக் கீழ திருநீறா? ஐயா, எங்க வீட்டுல திருநீறு தரையில சிந்திட்டாக்கூட தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். அவரு குடிப்பாருன்னு சொல்லுங்க, கோவக்காரர்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். இதைச் சொல்லாதீங்க லா."

பெஞ்சமினுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பரம்பரை பரம்பரையாகக் கத்தோலிக்கர். சீட்டுக்கு அடியில் பொட்டலத்தைப் பார்த்தபோது அவருக்கு அது கொஞ்சமும் விகற்பமாகத் தோன்றவில்லை. தன் வீட்டு ஜெபமாலையை யாராவது அங்கே போட்டிருந்தால் உடனே தோன்றியிருக்கும்.

அவர் நேராக இன்ஸ்பெக்டரிடம் போனார். "எண்ணெய் பச்சையா இருக்கு சார். விபூதி வெள்ளையா இருக்கு. தோல் கருகுற அளவுக்கு அந்தக் கிளட்ச் சுத்தியிருக்கு. எண்ணெய் அப்பவே உள்ள இருந்தா தீஞ்சு நாறியிருக்கும், விபூதி அரைபட்டுக் கறுப்புக் களியாயிருக்கும். ரெண்டும் கார் நின்னதுக்கு அப்புறம் போட்டது. அப்போ அர்ஜுனன் நம்ம லாக்கப்புல இருந்தான்."

"நல்லது. அந்தத் தோலை எடுத்துக்கிட்டு வாரும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெஞ்சமின் பட்டறைக்கு ஓடினார். தோலை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். மேனேஜர் உத்தரவாம். இனி பெஞ்சமினின் மூக்குதான் சாட்சி. மூக்கைக் கூண்டில் ஏற்ற முடியாது.

பகல் ஒரு மணி. பட்டறை.

ஜெயராஜ் சோற்றுப் பாத்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சனிக்கிழமை ராத்திரி பட்டறைச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. மேனேஜர்கிட்ட ஒண்ணு."

"அர்ஜுனன் மூணு தடவை கொண்டுவந்தானே. கிளட்சைத் திறந்து பார்த்தியா?"

"ஸ்பிரிங்க இறுக்கிட்டு அனுப்புன்னாங்க. அனுப்புனேன்."

"யார் சொன்னது?"

ஜெயராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"இந்தக் கார் எப்ப கப்பல்ல வந்துச்சு?"

ஜெயராஜின் கை நின்றது. "சார், எனக்கு நாலு பிள்ளைங்க."

"அர்ஜுனனுக்கும் பிள்ளைங்க இருக்கு."

"என்னை எதுவும் கேக்காதீங்க" என்று பாத்திரத்தை மூடிவிட்டு எழுந்து போனான். பயமா, குற்றமா? ரெண்டும் ஒரே மாதிரிதான் வேர்க்கும். பெஞ்சமின் அவனைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை.

ஆர்தர் அறையில் மின்விசிறி சுற்றியது. அவர் சந்தேகத்துக்கு இடம் தராமல் சிரித்தார். அளவுக்கு மிஞ்சிச் சிரித்தார் என்று பெஞ்சமினுக்குப் பட்டது.

"வண்டிய டெலிவரி கொடுத்தது யாரு?"

"பட்டறை வாசல்லயே தவுக்கே கையில சாவியக் கொடுத்தேன். அதோட சரி."

"அப்போ நல்லா ஓடிச்சா?"

"குதிரை மாதிரி ஓடிச்சு. எல்லாம் அந்த டிரைவர் கால் வைக்கிற வரைக்கும்தான். ஏன் பெஞ்சமின், இதுல போய் இவ்வளவு துருவுறீங்க? அடுத்த வாரம் திருநாள் பாட்டு ஒத்திகைக்கு வாங்க, பேசலாம்."

பெஞ்சமின் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தவுக்கேவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் காரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டா போனார்?

செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. ஆஸ்பத்திரி.

கமாலுக்குக் காலில் பெரிய கட்டு. பக்கத்தில் அவர் மனைவி சலேஹா விசிறிக்கொண்டிருந்தாள். கோயில் வாசலில் இருபது வருஷமாகக் கச்சான் விற்றதில் மலாய்க்காரரான கமாலின் தமிழ் அங்கே வருகிற பக்தர்கள் தமிழைப் போலவே இருந்தது.

"அந்த டிரைவர் தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல துவான். ஓடிவந்து என்னைத் தூக்கினது அவன்தான். அந்தக் காடி சரியில்ல. மொத நாளே சரியில்ல."

பெஞ்சமினின் பென்சில் நின்றது. "மொத நாளா?"

"பூசை போட்டாங்கல்ல, புதுக் காடிக்கு? கோயில் முன்னால, ஏத்தத்துல நிறுத்தியிருந்தாங்க. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாங்க. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆள் உக்காந்து ஓட்டுனார். இன்ஜின் கத்துது, காடி போகல. பழம் அப்படியே முழுசா இருக்கு! எல்லார் முகமும் செத்துப்போச்சு. அப்புறம் ஆளுங்க பின்னால நின்னு தள்ளுனாங்க. நானும் ஒரு கை கொடுத்தேன். தள்ளித்தான் பழம் நசுங்குச்சு."

பெஞ்சமின் நெற்றியைத் தடவிக்கொண்டார். புதுக் கார் தன் முதல் எலுமிச்சம்பழத்தை நசுக்க மறுத்திருக்கிறது. பத்து பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணி. நல்லமுத்துத் தவுக்கே வீடு.

"பூசை எப்படி நடந்துச்சு தவுக்கே?"

"எல்லாம் நல்லபடியா நடந்துச்சு."

சமையல்காரரைக் கேட்டார். "எல்லாம் நல்லபடியா நடந்துச்சுங்க." கடைக் கணக்கப்பிள்ளையைக் கேட்டார். அவருக்கும் வார்த்தைக்கு வார்த்தை அதே பதில்தான். ஒரே வாத்தியார் மூன்று பேருக்கும் பாடம் நடத்தியது நன்றாகத் தெரிந்தது.

"பழம் நசுங்கலையாமே?"

தவுக்கேயின் முகம் இருண்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "சார்ஜன்ட், மெதுவாப் பேசுங்க. தைப்பிங்ல எம் பொண்ணுக்குச் சம்பந்தம் பேசி முடிச்சிருக்கு. சகுனம் தடைப்பட்டுச்சுன்னு காதுல விழுந்தா அவங்க பின்வாங்கிருவாங்க. அம்மா இல்லாத பொண்ணு. டிரைவருக்கு வக்கீல் வெச்சுத் தர்றேன், அந்தப் பேச்சு மட்டும் வேணாம்."

"சகுனம் இல்ல தவுக்கே, கிளட்ச். அர்ஜுனன் வேலைக்குச் சேர்றதுக்கு மொத நாளே அது கெட்டிருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் சொல்ல மாட்டேன். கோர்ட்ல கேட்டாலும் நல்லபடியா நடந்துச்சுன்னுதான் சொல்லுவேன்."

"நான் சொல்றேன்."

உள் கதவருகில் அவர் மகள் ஜெயலெட்சுமி நின்றிருந்தாள். ஓரடி முன்னால் வந்தாள். "நான் முன் சீட்டுல உக்காந்திருந்தேன். ஓட்டுனது ஆர்தர் சார்தான். 'புது இன்ஜின், பழகணும், தள்ளுங்க'ன்னார். அப்பா யாரும் வெளிய பேசக் கூடாதுன்னார். ஆர்தர் சாரும் நல்லதுன்னு தலையாட்டுனார்."

"ஜெயம், உள்ள போ!"

"அர்ஜுனண்ணே சம்சாரம் நேத்து நம்ம வாசல்ல நின்னு அழுதாங்கப்பா. எனக்குச் சோறு இறங்கல."

பெஞ்சமின் நிதானமாகக் கேட்டார். "பூசை முடிஞ்சதும் விபூதி யார் யாருக்குக் கொடுத்தாங்கம்மா?"

"நான்தான் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். ஆர்தர் சாருக்கும் கொடுத்தேன். என்ன செய்யறதுன்னு தெரியாம கோட்டுப் பையில போட்டுக்கிட்டார்."

"பட்டறை மேஸ்திரி ஜெயராஜ் வந்திருந்தாரா?"

"இல்லைங்க. அவரை நான் பார்த்ததே இல்ல."

தவுக்கே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு கணம் அவர் மேல் பெஞ்சமினுக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

புதன்கிழமை, காலை எட்டு மணி. பட்டறை.

கோர்ட்டுக்குக் கிளம்புவதற்கு முன் இன்ஸ்பெக்டரையும் அழைத்துக்கொண்டு பெஞ்சமின் வந்தார். ஆர்தரும் ஜெயராஜும் இருந்தார்கள். தவுக்கேயும் மகளும் ஓரமாக நின்றார்கள்.

"எண்ணெயும் விபூதியும் சனிக்கிழமை ராத்திரிக்கு மேல போட்டது" என்று ஆரம்பித்தார் பெஞ்சமின். "சாவி ரெண்டு பேர்கிட்ட. போட்டவர் கெட்டிக்காரர். ஆனா ஒரு தப்புப் பண்ணிட்டார். டிரைவர்மேல பழி போடறதுக்குப் பொட்டலத்தை டிரைவர் சீட்டுக்கு அடியில வெச்சார். திருநீறு பூசற எந்தக் கையும் அதைக் குந்துற பலகைக்கு அடியில வெக்காது, கால் மிதிக்கிற இடத்துல கொட்டாது. வெச்சது என்னை மாதிரி கோயிலுக்கு வெளியே நிக்கிற ஆள். எனக்கும் தப்பாத் தெரியல, அவருக்கும் தப்பாத் தெரியல."

"நானும் ஜெயராஜும் ரெண்டு பேருமே கத்தோலிக்கர்தானே?" என்றார் ஆர்தர். சிரிப்பு மட்டும் இன்னும் மிச்சமிருந்தது.

"ஆமா. அதனால விபூதி எப்படிக் கிடைச்சுதுன்னு தேடினேன். பட்டறை வாசலோட சரின்னு என்கிட்ட சொன்னீங்க. கோயில் வாசல்ல வெள்ளைக் கோட்டுல காரை ஓட்டினவரைக் கமால் பார்த்திருக்கார். இந்தப் பொண்ணு தன் கையால உங்களுக்குப் பொட்டலம் கொடுத்திருக்கா. போயிட்டுப் போகலன்னு பொய் எதுக்கு? கார் அன்னைக்கே நகரலைங்கிறது உங்களுக்குத் தெரியும். அது வெளிய வந்தா, கெட்ட வண்டியை வித்ததும் சேர்ந்து வெளிய வரும்."

"புது வண்டி எப்படிக் கெட்டிருக்கும்?"

பெஞ்சமின் திரும்பினார். "ஜெயராஜ்?"

ஜெயராஜ் கைத்துணியைத் தரையில் போட்டான். இந்த முறை குரல் தெளிவாக வந்தது. "அது புது வண்டி இல்ல சார். கம்பெனி முதலாளி துவான் சிங்கப்பூர் போயிருந்தப்போ வந்த விளம்பர வண்டி. வாங்க வர்றவங்களை ஏத்திக்கிட்டு மேனேஜர் தினமும் மலை மேட்டுல ஏத்திக் காட்டுவார். கிளட்ச் கருகுச்சு. பெயின்ட் அடிச்சு, புதுசுன்னு தவுக்கே தலையில கட்டிட்டார். தோலை மாத்தினா துவானுக்குத் தெரிஞ்சிரும்னு என்னைத் தொட விடல."

ஆர்தர் மின்விசிறி இல்லாத இடத்தில் நின்றிருந்தார். கஞ்சிக் கோட்டு முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒரு கிளட்சுக்காகவா..." என்று இழுத்தார்.

"ஒரு ஆளோட ஜெயில் வாசத்துக்காக" என்றார் பெஞ்சமின். அவருக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்திருந்தது. பாட்டுக் குழுவில் அந்தக் குரலைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்து வந்த ஆத்திரம்.

பகல் பன்னிரண்டு மணி. கோர்ட் வாசல்.

வழக்கு தள்ளுபடியாகி அர்ஜுனன் வெளியே வந்தான். நல்லம்மாள் அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். வேறெதுவும் செய்யத் தெரியாமல் மறுபடியும் சரிசெய்தாள்.

தவுக்கே வியர்வையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். "அர்ஜுனா, கம்பெனியில வேற வண்டி தர்றோம்னு ஒத்துக்கிட்டாங்க. நாளைக்கே வா. சம்பளத்தக் கூட்டித் தர்றேன்."

அர்ஜுனன் அவர் பக்கம் திரும்பினான்.

"காடி வழுக்குதுன்னு நான் வந்து சொன்னப்பல்லாம் என் காலைத் திட்டுனீங்க தவுக்கே. அதுக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரியும்."

"பொண்ணு கல்யாணம்டா. உனக்கும் பிள்ளைங்க இருக்கு, புரிஞ்சுக்க."

"புரியுதுங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா கமாலண்ணே கால் ஒடிஞ்சிருக்காது. நானும் ராத்திரியெல்லாம் கம்பி எண்ணிட்டு இருந்திருக்க மாட்டேன். கோயில்ல பத்து பேர் தள்ளுன காடியில என்னை ஏத்திவிட்டுட்டு, எல்லாரும் தள்ளி நின்னுட்டீங்க."

சத்தம் போடவில்லை. பெஞ்சமினைப் பார்த்துக் கைகூப்பினான். சற்றுத் தள்ளி நின்ற ஜெயலெட்சுமிக்கும் கைகூப்பினான். தவுக்கே நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அர்ஜுனன் மனைவியைக் கூட்டிக்கொண்டு, கமாலைப் பார்க்க ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தான்.